இருநூற்றுப் பன்னிரண்டு சாவுகளும் ஒரு தக்காளிப் பையும்

மார்ச் 3, திங்கள்

சாலிகிராமம் கோதண்டபாணியாகிய நான், இடது கையைத் தொண்டை மீதும் வலது கையைப் பேனா மீதும் வைத்துச் செய்யும் சத்தியப் பிரமாணம் என்னவென்றால், இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நம்பிவிட்டால் தயவுசெய்து உடனே ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கவும்.

சனிக்கிழமை என் தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். டாக்டரம்மா "மிளகு அளவுதான் சார்" என்றார். பச்சைப் பொய். மயக்கத்திலும் நான் பார்த்தேன், முற்றின தேங்காய் அளவு. நாலு பேர் தூக்கினார்கள். லிஃப்டுக்குள் நுழையாமல் படி வழியாக இறக்கினார்கள்.

பதினேழாம் தேதி வரை வாயிலிருந்து ஒரு சத்தம் வரக்கூடாதாம். பேசக்கூடாது, முனகக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதலாம்.

"முக்கியமா கத்தக்கூடாது சார். தையல் ஆறுறதுக்குள்ள ஒரு தடவை கத்தினீங்கன்னாகூட குரல் பழையபடி வராது. அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

நான் ராஜகம்பீரமாகத் தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பவளக்கொடி இந்த நோட்டைக் கொடுத்தாள். என் தங்கை மகள். வேலை இந்த ஊரில் என்பதால் எங்களோடு இருக்கிறாள். பெயர் வைத்தது நான். அதற்காக அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஆபீஸில் பவி என்று சொல்லிக்கொள்கிறாளாம்.

"மாமா, பேசாம இருந்தா நீங்க வெடிச்சிடுவீங்க. இதுல கொட்டுங்க."

என் மனைவி புனிதவதி பூஜை மணியையும் ஒரு சிலேட்டையும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "கூப்பிடணும்னா மணி அடிங்க. ஏதாவது வேணும்னா எழுதுங்க. இந்த ஐம்பத்தாறு வருஷப் பேச்சுக்குப் பதினஞ்சு நாள் எல்லாம் பத்தாது, அந்த டாக்டரம்மாகிட்ட ஆறு மாசம் கேட்டிருக்கணும்."

தினமும் காலைக் காபியோடு இந்த நோட்டைப் படிக்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறாள். ஆகையால் வாசகியே, வணக்கம். நேற்று உப்புமாவில் உப்பில்லை.

மார்ச் 4, செவ்வாய்

என் தொழில் தெரியாதவர்களுக்கு: நான் சாகிறவன்.

சினிமாவில் கதாநாயகன் ஓங்கி அடிப்பான். அடியாள் பறந்துபோய் விழுவான். வாயைத் திறப்பது அவன். அந்த அலறல் என்னுடையது. டப்பிங் தியேட்டரின் இருட்டில் மைக் முன்னால் நின்று இருபத்தேழு வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன். என் கணக்குப்படி பதினோரு லட்சம் முறை. குருக்ஷேத்திரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர்களைக் கூட்டினாலும் என் பக்கத்தில் வரமுடியாது. ஒருமுறை நான் செத்த சத்தத்தைக் கேட்டு, தெருவில் போன சவ ஊர்வலத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

ஒரு குறை உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை வசனம் பேசியதில்லை. ஆ, ஊ, ஐயோ, அம்மா, அவ்வளவுதான். "அம்மா"வை வசனத்தில் சேர்க்கலாமே என்று ஜெயசீலனிடம் வாதாடிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

ஜெயசீலன் யார்? எந்தப் படத்துக்கு எந்தக் குரல் என்று ஆள் கூப்பிடுகிறவன். எங்களைப் போன்றவர்கள் எவனுக்கும் கை கட்ட வேண்டாம், சொந்தத் தொழில், நான்தான் எனக்கு ராஜா என்றெல்லாம் மார்தட்டுவோம். ராஜாவுக்கு லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது, காய்ச்சல் வர அனுமதி கிடையாது. செல்ஃபோன் அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் அன்றைக்கு ராஜா துணி காயப்போடலாம். இரண்டு முறை "வரமுடியாது" என்றால் ஜெயசீலன் பட்டியலில் பெயர் கீழே இறங்கும். "தொண்டை சரியில்லை" என்று ஒரே ஒருமுறை சொன்னால் பெயர் மேல் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு விழும். பென்சில் கோடு விழுந்த நாலு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தர் இப்போது வாட்ச்மேன்.

எனவே கட்டி, கத்தி, டாக்டர் எல்லாம் வெளியில் மூச்சுவிடக் கூடாது. பவளம் என் ஃபோனிலிருந்து ஜெயசீலனுக்கு அனுப்பினாள்: "குலதெய்வத்துக்கு மாமா மௌன விரதம். பதினேழு வரை."

பதிலுக்கு, வணக்கம் போடும் கை பொம்மை ஆறு வந்தது. சாமிக்கு இருக்கும் மரியாதை தொண்டைக்கு இல்லை.

மார்ச் 5, புதன்

நூற்றுப் பதினேழு முறை மணி அடித்தேன். புனிதா மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

ஃபோன் அடித்தது. பவளம் எடுத்தாள். ஒரு ராஜா காலத்துப் படம். போர்க்களத்தில் அறுபது பேர் சாகிறார்கள். அறுபது! பாலைவனத்தில் தண்ணீர் வண்டியைப் பார்த்தவன்போல் எழுந்துவிட்டேன். வாயைத் திறந்தும்விட்டேன். புனிதா கையிலிருந்த சப்பாத்தி மாவை அப்படியே என் வாயில் அடைத்தாள்.

"மாமா விரதம்" என்றாள் பவளம்.

"பரவால்லம்மா, அண்ணன் நிதானமா முடிக்கட்டும்" என்றானாம் ஜெயசீலன். அவசரமே படவில்லையாம். அறுபது சாவுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் யார்? எனக்காகப் படத்தையே தள்ளிவைத்திருப்பார்கள்.

மணியில் சுற்றிய துணியைக் கழற்றச் சொல்லி எழுதிக்காட்டினேன். கழற்றிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

வரலாற்றில் பொறிக்கவேண்டிய நாள்.

ஜெயசீலன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் காலைத் தொட்டான். விரதக்காரனாம். ஆசீர்வதித்தேன்.

"அண்ணே, நீங்க ஒரு கவலையும் படாம விரதத்த முடிங்க. படத்துக்கு ஒரு குறையும் இல்ல. உங்க ஃபோல்டர் இருக்கே!"

எந்த ஃபோல்டர் என்று சிலேட்டில் எழுதினேன்.

"'கோதண்டம் சாவு'ண்ணே. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு. வெட்டு, குத்து, அம்பு, தீ, மாடியிலேருந்து விழறது, எது கேட்டாலும் இருக்கு. அறுபது பேரும் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. எல்லா ஸ்டுடியோவுலயும் காப்பி வச்சிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா? போன வருஷத்துலேருந்தே அதத்தான போடுறாங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். பெரிய நடிகர் வரவில்லை, தியேட்டர் சும்மாக் கிடந்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். "கோதண்டண்ணே, எத்தனை விதமா சாவீங்க?" என்று சவுண்டு இன்ஜினியர் வாயைக் கிண்டினார். என்னிடமா? மைக் முன்னால் போய் நின்றேன். மதியம் தொடங்கி மழை விடும்வரை செத்தேன். பாம்பு கடித்து, மின்சாரம் பாய்ந்து, கிணற்றில் விழுந்து, சிரித்துச் சிரித்து மாரடைப்பில், எல்லா விதமாகவும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கைதட்டினார்கள். பதிவாகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். எரிந்ததால்தான் இன்னும் நன்றாகச் செத்தேன்.

ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் சாவு ஊர் முழுக்கப் புழங்குகிறது என்றால் எத்தனை பெரிய கௌரவம்! சிலேட்டில் "மகிழ்ச்சி" என்று எழுதினேன்.

புனிதாதான் கேட்டாள்: "அப்ப இனிமே இவர எதுக்குப்பா கூப்பிடுவீங்க?"

ஜெயசீலனின் பிஸ்கட் ஊறிப்போய்க் காபிக்குள் விழுந்தது. விரலால் தேடினான்.

"அதுக்குத்தான் அண்ணி நேர்ல வந்தேன். ஒரு அப்பா கேரக்டர் இருக்கு. ஏழு சீன். நடிச்சவருக்குத் தமிழ் வராது. டைரக்டர் ஒருநாள் டீக்கடையில அண்ணன் பேசுறதக் கேட்டிருக்காரு. 'யாருய்யா இவரு, பக்கத்து வீட்டு அப்பா மாதிரி பேசுறாரு'ன்னு விசாரிச்சாராம். ஏப்ரல் ரெண்டாம் தேதி டப்பிங். இது நல்லா அமைஞ்சுதுன்னா அண்ணனுக்கு இனி பேச்சு வேஷம்தான். கத்தலயே மறந்துடலாம்."

"அதுல கத்துற இடம் இருக்கா?"

"ஒரு இடத்துலகூட இல்ல அண்ணி. மெதுவாப் பேசுற அப்பா."

புனிதா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தாள், பிஸ்கட் விழாத காபி.

பேச்சு வேஷம்! இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு கோதண்டபாணி வாய் திறந்து தமிழ் பேசப்போகிறான். தமிழ்த்தாய் சாலிகிராமத்துக்கு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

மார்ச் 10, திங்கள்

புனிதா எனக்கு நீலச் சட்டை வாங்கியிருக்கிறாள். குரல் கொடுக்கிறவனின் சட்டையை எவன் பார்க்கப்போகிறான் என்று எழுதிக்காட்டினேன். "மைக் பாக்கும்" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. தக்காளி நசுங்கிவிட்டது. ரசம் இல்லை.

மார்ச் 12, புதன்

புனிதாவால் நேற்று முழுக்கப் பேசமுடியவில்லை. இன்றைக்குத்தான் பவளத்திடம் சொன்னாள்.

"வீட்டுக்கு எதுத்தாப்புல, வண்டிக்காரன்கிட்ட தக்காளி பொறுக்கிட்டிருந்தேன்டி. பின்னாடி தண்ணி லாரி ரிவர்ஸ்ல வந்திருக்கு. இன்னொரு லாரி பக்கத்துலயே மோட்டார் போட்டு இறைச்சுக்கிட்டிருந்தான், எனக்கு ஒண்ணுமே கேக்கல. திடீர்னு யாரோ கத்துனாங்க பாரு. யாரோ பொம்பளைன்னு நினைக்கிறேன். கொலை விழுந்த மாதிரி ஒரு கத்தல். அப்படியே வெலவெலத்துப்போய் ஓரமா குதிச்சேன். பை மட்டும் சக்கரத்துக்குள்ள போயிருச்சு."

"யார் அத்தை கத்துனது?"

"தெரியலடி. திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. மகராசி, நல்லா இருக்கணும்."

பவளம் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன். நேற்றைக்கு என் ராசிக்கு "வாக்கால் நன்மை" என்று போட்டிருந்தான்.

இனி பீட்ரூட் சாப்பிடுவதை நிறுத்தவேண்டும். வாஷ்பேசின் சிவப்பாகிறது.

மார்ச் 13, வியாழன்

காபியும் கையுமாக வாசகி கேட்டாள்: "நம்ம வீட்ல பீட்ரூட் வாங்கியே ஒரு மாசம் ஆச்சே?"

"எல்லாம் கதைதானே" என்று சிலேட்டில் எழுதினேன்.

"எழுத்துலயும் திருந்த மாட்டீங்க" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

பவளம் சிலேட்டை வாங்கி எதையோ எழுதி என் முன்னால் நீட்டினாள். எச்சில் தொட்டு அழித்துவிட்டேன். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தேன். என்ன எழுதினாள் என்பது இந்த நோட்டுக்கு வேண்டாம்.

புது வகையாக விழுங்கப் பழகியிருக்கிறேன். முதலில் கழுத்தை இடதுபக்கம் சாய்க்கவேண்டும்.

மார்ச் 17, திங்கள்

டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு டிவியில் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு யுகம். யுகம் என்பதில் மிகையில்லை. வெளியே இரண்டு தேர்தல் வந்துபோனது.

"ஆறி வர இடத்துல மறுபடி கிழிஞ்சிருக்கு சார். ரத்தம் கட்டி, தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. நடுவுல கத்துனீங்களா?"

"இல்லை" என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

"இது சும்மா முனகினதுல ஆகாது. நல்லாப் பெரிசா கத்தியிருக்கணும்."

புனிதா பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளிய போற நேரம் பாத்து என்ன பண்ணீங்க? கண்ணாடி முன்னாடி நின்னு வசனம் சொல்லிப் பாத்தீங்களா? சொல்லுங்க! ஒரு பதினஞ்சு நாள், வெறும் பதினஞ்சு நாள் அந்த வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலல்ல உங்களால? ஏழு சீன்ங்க! இருபத்தேழு வருஷமா இதுக்குத்தான காத்திருந்தீங்க!"

"அத்தை, மாமா வந்து..." என்று பவளம் ஆரம்பித்தாள்.

நான் மணியை எடுத்து அடித்தேன். விடாமல் அடித்தேன். அவள் நிறுத்தும்வரை.

பிறகு சிலேட்டில் வாக்குமூலம் கொடுத்தேன்: "ஒரு காக்கா என்னை அவமானமாகப் பேசியது. என் வம்சத்தை இழுத்தது. தாங்கமுடியாமல் பதிலுக்குக் கத்திவிட்டேன். தப்புதான்."

புனிதா சிலேட்டைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள். அடுப்படியில் பாத்திரங்கள் இடி மாதிரி விழுந்தன. நம்பிவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

பேச அனுமதி வந்தது. முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று மூன்று வாரமாகத் திட்டம் போட்டிருந்தேன். ஒரு பிரகடனம் எழுதியே வைத்திருந்தேன், எட்டு பக்கம்.

வந்தது "பு" மட்டும். மீதி காற்று. ஈர விறகை ஊதுகிற மாதிரி இருந்தது.

புனிதாவின் கோபமெல்லாம் போய்விட்டது. அது கோபத்தைவிட மோசம்.

ஏப்ரல் 2, புதன்

நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

இத்தனை நாள் பயிற்சியில் ஏதோ ஒன்று வந்திருந்தது. கரடுமுரடாக, அடிப்பிடித்த பால் மாதிரி. வயசான அப்பாவுக்கு அதுவே பொருத்தம் என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்.

மைக் முன்னால் நின்றேன். திரையில் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு மகளைப் பார்க்கிறார். வசனம்: "சாப்டியாம்மா? ஏன் முகம் வாடியிருக்கு?"

"சாப்டி" வந்தது. "யாம்மா" உடைந்தது. மறுபடி எடுத்தோம். இந்த முறை "சாப்" உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். வெந்நீர் கொடுத்தார்கள். எட்டாவது முறை வாய் அசைந்தது, சத்தமே வரவில்லை. திரையில் அப்பா எட்டு முறையும் அதே பொறுமையோடு சைக்கிளை நிறுத்தினார்.

டைரக்டர் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்தான். "என்னண்ணே இது? விரதம்னு சொன்னீங்க..."

"பனி" என்றேன். அதற்கே மூன்று தடவை முயற்சி செய்யவேண்டியிருந்தது.

"சரியாகட்டும்ணே. அவசரம் ஒண்ணும் இல்ல. நானே கூப்பிடுறேன்." அவன் சட்டைப் பையில் ஒரு பென்சில் இருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தியேட்டரின் கதவு திறந்திருந்தது. உள்ளே வேறொரு படத்துக்குச் சத்தம் கோத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு அடியாள் மாடியிலிருந்து விழுந்தான். அலறினான். எட்டு வருஷத்துக்கு முந்தின நான். தழும்பு இல்லாத தொண்டை, மணி மாதிரி, உச்சியில் துளி கரகரப்போடு.

"நாப்பத்தேழாம் நம்பர்" என்றார் இன்ஜினியர் பக்கத்திலிருந்தவரிடம். "கோதண்டம் சாவு. எங்க போட்டாலும் கச்சிதமா உக்காந்துக்கும்."

ரொம்ப நன்றாகத்தான் செத்திருந்தேன்.

வீட்டில் புனிதா சேமியா பாயசம் வைத்திருந்தாள். டைரக்டர் தேம்பித் தேம்பி அழுதார், ஸ்டுடியோவில் முழங்கால் அளவு கண்ணீர், தீயணைப்பு வண்டி வந்து இறைத்தது என்று எழுதிக்காட்டினேன். "சரி" என்று சொல்லி இரண்டாவது கரண்டி ஊற்றினாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

ஏப்ரல் 5, சனி

துணி காயப்போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஃபோன் அடித்தது! பாய்ந்து எடுத்தேன். சிம் கார்டு மாற்றச் சொல்லி ஒரு பெண்.

"ஹ..." என்றேன்.

"தாத்தா, வீட்ல பேசுறவங்க யாராவது இருந்தா குடுங்க" என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

துணி காயப்போட்டேன். மூன்று மாதம் கழித்து வரச்சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. "பேச்சு புரியற அளவுக்கு வரலாம். தொழிலுக்கு ஆகாது சார்" என்றார். நல்ல பெண்மணி. மிகைப்படுத்தவே தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நோட்டில் கடைசிப் பக்கம். வாசகி நாளைக் காபியோடு இதைப் படிப்பாள். ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்தபடி நம்பமுடியாத கதை ஒன்றை இன்னும் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. சொல்கிறேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி, காலை பத்து மணி. நான் பால்கனியில் நின்று, வரப்போகும் ஏழு சீனை மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். கீழே மஞ்சள் புடவையில் ஒரு பேரரசி தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மலை மாதிரி ஒரு தண்ணி லாரி ஊர்ந்துவந்தது. நான் மணியை எடுத்து அடித்தேன். பிறகு ஒரு காலைப் பால்கனியில் ஊன்றி மறு காலால் லாரியை உதைத்தேன். போரூர் ஏரியில் போய் விழுந்தது. ஏரி வளசரவாக்கம் வரை தளும்பியது. டிரைவர் அந்த இடத்திலேயே சன்னியாசம் வாங்கிக்கொண்டார். வானத்திலிருந்து தேவர்கள் தக்காளி தூவினார்கள், அன்று விலை ஏறியிருந்ததால் சிக்கனமாக.

புனிதா, நீ சிரிப்பாய். சிரி. அந்தக் காக்காவும் பொய், ஏரியும் பொய், தேவர்களும் பொய். தேங்காய் அளவு கட்டிகூட மிளகு அளவுதான். பதினோரு லட்சம் சாவும் பொய். அதில் ஒன்றில்கூட எனக்கு நிஜமாகப் பயம் வந்ததில்லை.

இந்த நோட்டு முழுக்கத் தேடினால் ஒரே ஒரு சின்ன விஷயம்தான் நிஜம். மணி அடித்தேன் என்று எழுதினேனே, அதுதான். லாரிச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.